துரைசாணியம்மாவுக்கு வசனம் எடுத்துக்கொடுத்த கதை

கோட்டகிரிக்கு ஷூட்டிங் வருகிற சீரியல் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேராவது, பேக்கப் ஆகி அன்றைய வேலை முடிந்ததும் என் வீட்டைத் தேடி வந்து, "அம்மா, நடிப்புக்கு ஏதாவது டிப்ஸ் குடுங்கம்மா" என்று கேட்காமல் போவதில்லை. டிப்ஸ் என்பது ஓட்டலில் சர்வருக்குக் கொடுப்பது. என்னிடம் இருப்பது கதைதான். உட்கார்ந்தால் சொல்வேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றால் போய்விட்டு வாருங்கள், கோபமில்லை. கதை கொஞ்சம் நீளம்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கதாநாயகனின் அம்மா, கதாநாயகியின் மாமியார், சாகக் கிடக்கிற அத்தை, கோயில் வாசலில் சாபம் விடுகிற கிழவி, எல்லாம் நான்தான். அரவேணுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்து இங்கே கொழுந்து பறித்தவர்கள். குன்னூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் கிடைத்தது. அப்புறம் சென்னை, சினிமா, சீரியல். முட்டி வலி முற்றியதும் போதுமடா சாமி என்று இங்கேயே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்குச் சொல்லப் போவது ப்ராம்ப்டிங் பற்றி. முகத்தைச் சுளிக்காதீர்கள். நம் தொழிலில் சீன் பேப்பர் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். மேக்கப் போட்டு முடித்த பிறகு வந்தால் அன்றைக்கு நல்ல நாள். அசிஸ்டென்ட் டைரக்டர் கேமராவுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக உரக்கச் சொல்வார். நாம் அழுதுகொண்டே அதைத் திருப்பிச் சொல்வோம். டப்பிங்கில் அவர் குரல் போய்விடும். ஆயுசு முழுக்க நான் இப்படித்தான் நடித்தேன். நீங்களும் இப்படித்தான் நடிக்கிறீர்கள். பேட்டி கொடுக்கும்போது மட்டும் 'அந்தக் கதாபாத்திரமாகவே வாழ்ந்தேன்' என்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் அமெரிக்கக் கம்பெனி ஓடிடிக்குத் தொடர் எடுக்க இங்கே வந்தது. கதை சின்னதுதான். இங்கே எஸ்டேட் துரைக்கு வாழ்க்கைப்பட்ட ஓர் அமெரிக்கப் பெண், ஒரு விடியற்காலையில், தன் குழந்தையை வளர்த்த ஆயாவிடம்கூடச் சொல்லாமல் ஊரை விட்டுப் போய்விடுகிறாள். கிழவியான பிறகு அந்த ஆயாவைத் தேடித் திரும்பி வருகிறாள். ஆயா நான். அந்தப் பெண்ணாக நடிக்க அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய நடிகை வந்திருந்தார். பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்வது ஒன்றும் காதில் விழாது. கூட்டத்தில் நிற்க வந்த, பக்கத்து ஊரான கட்டபெட்டுப் பெண்கள் அவரைத் துரைசாணியம்மா என்றே கூப்பிட்டார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான் எனக்கு வருகிற தமிழில்தான் சொல்வேன். அமெரிக்காக்காரி எப்படி என்னை மாதிரியே பேசுகிறாள் என்று நடுவில் கேட்காதீர்கள்.

எப்பேர்ப்பட்ட நடிகை தெரியுமா! சின்ன ஊர் ஒன்றில் நாடகக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே நடிக்க ஆரம்பித்தவர். டிவியில் ஒரு டாக்டர் வேஷம் வருஷக்கணக்காக ஓடியதாம். மளிகை வாங்கப் போகிற இடத்தில் ஜனங்கள் நாக்கை நீட்டிக் காட்டி மருந்து கேட்பார்களாம். அப்புறம் சினிமா, விருது, பத்திரிகை அட்டை எல்லாம் வந்தது. நாற்பது தாண்டியதும் போன் மணி நின்றுபோனது. "அப்புறம் திடீர்னு ஒருநாள் கூப்பிட்டாங்க. என்னைவிட நாலு வயசு சின்னவனுக்கு நான் அம்மாவாம்" என்று சொல்லிச் சிரித்தார். நான் என்னைவிடப் பெரியவருக்கே அம்மாவாக நடித்தவள். அதைச் சொன்னதும் எழுந்து வந்து கைகொடுத்தார். அம்மா வேஷத்திலிருந்து நீதிபதி, ராணி, சாகப்போகிற விஞ்ஞானி என்று டிவியிலேயே மறுபடி மேலே ஏறி வந்தவர் அவர். "நான் செத்த மாதிரி அமெரிக்காவுல யாரும் செத்ததில்ல" என்பார்.

முதல் நாளே என் மானம் போனது. அந்தக் கம்பெனியில் லைவ் சவுண்ட். அங்கேயே பேசுவதுதான் படத்தில் வரும், எடுத்துக்கொடுக்க ஆள் கிடையாது. என் வசனம் ஒரே வரி, மனப்பாடம் பண்ணிவிட்டுத்தான் போனேன். துரைசாணியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், கண்ணில் தண்ணீர் முட்டி நிற்கிறது. அந்த நேரம் பார்த்துக் கேமராவுக்குக் கீழேயிருந்து அவர்களுடைய அசிஸ்டென்ட் ஒருவர், "கொஞ்சம் இடதுபக்கம் நகருங்க, ப்ளீஸ்" என்று இங்கிலீஷில் மெல்லச் சொன்னார். என் காதுக்குத்தான் தெரியுமே, அந்த இடத்திலிருந்து எது வந்தாலும் அது வசனம். கண்ணீர் கன்னத்தில் வழிய, குரல் தழுதழுக்க, "கொஞ்சம் இடதுபக்கம் நகருங்க, ப்ளீஸ்!" என்று துரைசாணியம்மாவைப் பார்த்துக் கதறிவிட்டேன்.

யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது. கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த லைட்மேன் தங்கராசு விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கம்மணி, டீ பிரேக்குன்னு சொல்லிப்போட்டா அதையும் அழுதுட்டே சொல்லுவீங்களாட்ட இருக்குது!" என்றார். எனக்கு அப்படியே ஏதாவது ஒரு தேயிலைச் செடிக்குள் பூந்துவிடலாமா என்று இருந்தது.

சிரிக்காதவர் ஒருவர்தான், துரைசாணியம்மா. டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யாராவது சொல்லித் தர்றதுதான் உன் பழக்கமா?"

"ஆமாங்கம்மா. எங்க பக்கம் எல்லாருக்கும் அப்படித்தான்."

"எல்லார் முன்னாடியுமா? சத்தமாவா?"

"பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குச் சத்தமா."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"என்ன சொல்றதுங்கம்மா? குறை சொல்றவங்களுக்கும் சேர்த்துத்தானே எடுத்துக்கொடுக்கிறாங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். என்னைக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லை என்று அடுத்த வாரத்துக்குள் தெரிந்துவிட்டது. எதிரே நின்று நடிக்கிறவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு நீளமான வசனத்துக்கும் முன்னால் அவர் மோவாய் இத்தனூண்டு வலதுபக்கம் சாயும். கண் ஒரு நொடி அசையாமல் நிற்கும். அப்புறம்தான் வரி வரும். பார்க்கிறவர்களுக்கு அது ஆழமான நடிப்பு. எனக்கு அது என்னவென்று தெரியும், ஏனென்றால் என் மூஞ்சியும் அப்படித்தான் இருக்கும். வாங்கிப் பேசுகிற மூஞ்சி. ஒரு நாள் காற்றில் முடி விலகியபோது பார்த்தும்விட்டேன், காதில் கடுகு அளவுக்கு ஒரு கருவி. அவரோடு வந்த உதவியாளர் பெண் தூரத்தில் காருக்குள் உட்கார்ந்து ஸ்கிரிப்டைப் பார்த்து மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவரைத் தவிர அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான், இப்போது நானும்.

ஏன் இத்தனை ஒளிவுமறைவு என்றால், அவருக்கு வசனம் மனதில் நிற்பது குறைந்துகொண்டே வந்தது. சோம்பேறித்தனமில்லை, வயதுதான். விஷயம் வெளியே போனால் வேஷம் போய்விடும். படத்தை நடத்த அமெரிக்காவிலிருந்து வந்திருந்த கம்பெனி அம்மாள் ஒருத்தி மானிட்டர் பக்கத்திலேயே குடை பிடித்து உட்கார்ந்திருப்பாள். கெட்டவள் இல்லை, ஆனால் ஒரு நாள் ஷூட்டிங் போனால் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அவள் நெற்றியிலேயே எழுதியிருக்கும். அவளுக்குத் தெரிந்த மறுநாள் துரைசாணியம்மாவுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் உலகத்தில் எந்தக் கம்பெனியும் அவரைக் கூப்பிடாது.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கே என் பாடு பெரும்பாடு. எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் எப்படி நடிப்பது? ஒரு வழி கண்டுபிடித்தேன். முழு சீனையும், என் வரி, அவர் வரி எல்லாவற்றையும், போனில் நானே பேசிப் பதிவு பண்ணிக்கொண்டேன். பருப்பு வேகும்போதும் துணி காயப்போடும்போதும் அதைக் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். மனதில் ஏற ஏற, அவருடைய வசனமும் சேர்ந்தே ஏறிவிட்டது. வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் நீங்கள் வேண்டுமென்றே செய்யுங்கள். எதிராளியின் வசனத்தையும் படியுங்கள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாதவர் எப்படி ஒழுங்காகக் காதுகொடுத்துக் கேட்க முடியும்?

கட்டபெட்டுச் சரிவில் அந்தப் பெரிய சீன் வந்தது. கிழவியாகத் திரும்பி வந்த துரைசாணி, கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு நடுவில் ஆயாவைக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்கிற இடம். பேசுவது முழுக்க அவர். எனக்கு வசனமே கிடையாது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். டைரக்டர் இளவட்டம், ஆசை ஜாஸ்தி. மலைச்சரிவு மொத்தமும் ஒரே ஷாட்டில் தெரிய வேண்டும் என்று ரோட்டிலிருந்த வண்டிகளையெல்லாம் வளைவுக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார். உதவியாளர் பெண்ணின் காரும் போய்விட்டது. நடுவில் முழுசாக ஒரு மலை.

அவர் பேச வேண்டியது இது: "அன்னைக்கு விடியக்காலையில சொல்லாம கிளம்பிட்டேன். ஜீப்பு வளைவு திரும்புறப்போ நீ கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சு. திரும்பிப் பார்க்கலை. பார்த்திருந்தா போயிருக்க மாட்டேன்."

"அன்னைக்கு விடியக்காலையில சொல்லாம கிளம்பிட்டேன்" என்றார். நிறுத்தினார். மோவாய் வலதுபக்கம் சாய்ந்தது. ஒன்றும் வரவில்லை. விரல் மெல்ல எழுந்து காதோரம் முடியைத் தொட்டது. கண் செடிமேல் ஓடியது, வானத்துக்கு ஓடியது, என் தோளுக்குப் பின்னால் ஓடியது. நான் தலைகுனிந்து நிற்க வேண்டியவள், ஓரக்கண்ணால்தான் இதெல்லாம் பார்த்தேன். நிமிர்ந்தேன். துரைசாணியம்மாவின் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். அத்தனை பெரிய நடிகை, பள்ளிக்கூடத்தில் பாடம் மறந்த பிள்ளை மாதிரி நிற்கிறார்.

நம் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் வரியைக் கத்தியிருப்பார்கள். இங்கே ஈ காக்கை சத்தமில்லை. இன்னும் ஒரு மூச்சு விடுவதற்குள் கட் என்பார்கள், கம்பெனி அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு எழுந்து வருவாள். யோசித்தா பேசினேன்? வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஜீப்பு வளைவு திரும்புறப்போ நான் கூப்பிட்டேனே. உங்க காதுல விழுந்துச்சா?"

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். கண் அலைவது நின்றது.

"விழுந்துச்சு" என்றார்.

"அப்புறம் ஏன் திரும்பிப் பார்க்கலை?"

அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர முடியாது. உதடு துடித்தது. "பார்த்திருந்தா... போயிருக்க மாட்டேன்."

டைரக்டர் கட் சொன்னார். எங்களுக்குப் பின்னால் கூடையோடு நின்றிருந்த காளியம்மா, நிஜமாகவே அந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஏனுங்கக்கா, நீங்க இங்கிலீசுல என்ன கேட்டீங்கன்னு எனக்கொண்ணும் வெளங்கலீங்க. ஆனா அந்தம்மா மொகத்தப் பாத்தா, கேக்க வேண்டியதத்தான் கேட்டுப்போட்டீங்கன்னு தோணுது" என்றாள்.

கம்பெனி அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அந்த இடத்துல உனக்கு வசனமே இல்லையே?"

"எங்க சீரியல் பழக்கம் மேடம். வாய்க்கு வந்ததைச் சேர்த்துப் பேசிடுவோம்."

"உண்மையைச் சொல்லு. அவங்களுக்கு வசனம் மறந்துடுச்சா?"

"ஐயோ இல்லை மேடம்! நான்தான் நடுவுல பூந்துட்டேன்."

பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். "அப்போ நாளைக்கு அதே இடத்துல, பேப்பர்ல இருக்கிறபடி மறுபடி எடுத்துடலாம். அவங்க முழுசாப் பேசட்டும். நீ வாயைத் திறக்கக்கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காப்பாற்றுகிறேன் என்று போய் துரைசாணியம்மாவைப் பிடித்துக் குழிக்குள் தள்ளியிருக்கிறேன். அவசரத்தில் சொல்கிற பொய் அன்றைய பொழுதுக்குத்தான் உதவும் பிள்ளைகளே. மறுநாள் காலையில் அது வேறு யார் தலையிலாவது போய் உட்கார்ந்திருக்கும்.

சாயங்காலம் அவர் தங்கியிருந்த பங்களாவுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ ஒரு பெரிய நடிகர்கூட நடிச்சேன்" என்றார். "ஒரே வரி, மறுபடி மறுபடி மறந்து போச்சு அவருக்கு. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் காலையில அவர் நாற்காலி முதுகுல வேற நடிகர் பேரு தெச்ச துணி மாட்டியிருந்துச்சு. அவரைப் பத்தி யாரும் அப்புறம் பேசவே இல்லை. செத்தவங்களைப் பத்திக்கூடப் பேசுவாங்க."

டீயைக் குடித்தேன்.

"அது இருக்கட்டும், உங்க ஊர்ல எங்கே உக்காந்து எடுத்துக்கொடுப்பாங்க? காட்டு பார்ப்போம்" என்றார் திடீரென்று.

சரி என்று டீ மேசைக்குப் பக்கத்தில் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் மளுக்கென்றது. சீரியல் அசிஸ்டென்ட் மாதிரியே கையை ஆட்டிக்கொண்டு, "அன்னைக்கு விடியக்காலையில!" என்று கத்தினேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திருப்பிச் சொன்னார். "சொல்லாம கிளம்பிட்டேன்!" அதையும் சொன்னார். மூன்றாவது வரிக்குள் சிரிப்பு போய்விட்டது. நான் கத்துகிறேன், அவர் சொல்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. முடிந்ததும் என்னைத் தூக்கிவிடக் கை நீட்டினார். இரண்டு கிழவிகளும் சேர்ந்து விழப் பார்த்தோம்.

"காதுல அந்தக் கருமத்தை வெச்சுக்கிட்டு, யாரு பார்த்துடுவாங்களோன்னு பாதி உசிரு அதுலயே போகுது" என்றார். "இப்போ அந்தப் பாதியும் நடிப்புக்கே வந்துடுச்சு பார்த்தியா? நாளைக்கு நான் சொல்லிடறேன்."

"வேண்டாங்கம்மா, வேஷம் போயிடும்!"

"போகலாம். ஆனா நீ எனக்காகப் பொய் சொல்லிச் சொல்லி உன் வேஷமும் போயிடும். அதுக்கு நான் தயாரா இல்லை."

சொன்னபடியே செய்தார். காலையில் சரிவில் யூனிட் மொத்தத்தையும் நிற்கவைத்து, காதிலிருந்து கருவியை எடுத்துக் கம்பெனி அம்மாளின் உள்ளங்கையில் வைத்தார். "எனக்கு வசனம் நிக்க மாட்டேங்குது. இத்தனை நாளா இதை வெச்சு ஓட்டினேன். நேத்து இது கைவிட்டுடுச்சு, இவதான் என்னைக் காப்பாத்தினா. பொய் சொன்னதும் எனக்காகத்தான்" என்றார்.

கம்பெனி அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள், அமெரிக்காவோடு என்னென்னவோ பேசினாள். திரும்பி வந்தபோது அவள் கண்ணே கலங்கியிருந்தது. "வேற ஆளை வெச்சு எடுக்கலாமான்னு கேக்குறாங்க" என்றாள். டைரக்டர், "நேத்து எடுத்ததைவிட நல்லா இந்தப் படத்துல ஒண்ணும் வராது, நான் மறுபடி எடுக்க மாட்டேன்" என்று நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனேன். "மேடம், எங்க ஊர்ல இந்த மாதிரி எடுத்துக்கொடுத்துப் பேசுறதுக்கு வியாதின்னு பேரு இல்லை. ஷூட்டிங்னு பேரு. என் காலத்துல கூட நடிச்ச பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் குட் மார்னிங் சொல்றதுக்கே ஆள் வெச்சிருந்தாங்க. படம் ஓடலையா? ஜனங்க அழலையா? வரி யாரு குடுத்தா என்ன, மூஞ்சி அவங்களோடது!"

நம் ஆட்கள் கைதட்டிவிட்டார்கள். தங்கராசு விளக்கு மேடைமேல் நின்றபடியே, "ஆளில்லீன்னா நானே எடுத்துக் குடுக்கறனுங்க! இங்கிலீஷ் மட்டும் வேற யாராச்சும் பாத்துக்கங்க!" என்று கத்தினார். யாரோ அதை மொழிபெயர்த்தார்கள். கம்பெனி அம்மாள் அழுகையும் சிரிப்புமாக நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். நான் எடுத்துக்கொடுக்கலாம். என் குரலுக்கும் அவர் குரலுக்கும் நடுவில் இடைவெளி விட்டால் சவுண்ட்காரர் வெட்டிக்கொள்வார். ஆனால் வசனம் மறந்து ஒரே ஒரு நாள் ஷூட்டிங் தள்ளிப் போனாலும், அமெரிக்காவில் இருப்பவர்களிடம் அவளால் மேற்கொண்டு பேச முடியாது. மிச்ச சீன்களுக்கு வேறு ஆள்தான். துரைசாணியம்மா அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

அப்புறம் என்ன, நான் இல்லாத சீன்களிலும் கேமராவுக்குக் கீழே நான்தான். எனக்கென்று ஒரு மெத்தை போட்டுவைத்தார்கள். காளியம்மா தினமும் அதைப் பார்த்துவிட்டு, "தொரைசாணிக்கு நாற்காலி, நம்மக்காளுக்கு மெத்தைங்களா?" என்று கிண்டலடிப்பாள். ஒரு நாளும் தள்ளிப் போகவில்லை. துரைசாணியம்மா பத்து வயது குறைந்த மாதிரி திரிந்தார்.

கடைசி நாள், கடைசி ஷாட். துரைசாணி மறுபடி ஊருக்குப் புறப்படுகிறாள். ஜீப் வரைக்கும் நடந்து போய், நின்று, ஆயாவைத் திரும்பிப் பார்த்து, "இந்தத் தடவை திரும்பிப் பார்த்துட்டுத்தான் போறேன்" என்று சொல்ல வேண்டும். படமே அந்த வரிக்காகத்தான் என்று டைரக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. ஒரு டேக்குக்கு மேல் வெளிச்சம் நிற்காது. அன்றைக்கு விட்டால் மறுநாள்தான். மறுநாள் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

நான் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். என் வாய் படத்தில் தெரியாது, நான் வரியைச் சொன்னாலும் சவுண்டில் வெட்டிக்கொள்ளலாம். அவர் நடந்தார். ஜீப்பின் கதவைப் பிடித்தார். திரும்பினார். என்னைப் பார்த்தார்.

வரி வரவில்லை.

பின்னாலிருந்து கம்பெனி அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "குடு! வரியைக் குடு!" என்றது எனக்குக் கேட்டது. வரி என் தொண்டைக்குழியில் தயாராக நிற்கிறது. சொல்லாமல் விட்டு, நிஜமாகவே அவர் மறந்திருந்தால், இந்த ஷாட் போச்சு, அவர் வேஷம் போச்சு, அத்தனை வருஷம் கட்டிக் காத்த பேரும் இந்த மலையிலேயே போச்சு. சொல்லி, அவர் மறக்காமல் இருந்தால்? இத்தனை பேர் முன்னால் அவரை நடிகை இல்லை, நோயாளி என்று நானே சொன்ன மாதிரி ஆகும். புத்தகத்தில் இதற்கெல்லாம் பதில் கிடையாது பிள்ளைகளே. எதிரே நிற்கிற ஆளைப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

பார்த்தேன். மறந்தவர் கண் ஒரு இடத்தில் நிற்காது, வரியைத் தேடி மண்ணுக்கும் வானத்துக்கும் ஓடும். அவர் கண் ஓடவில்லை. மோவாய் சாயவில்லை. என் முகத்தை விட்டு அந்தக் கண் இம்மியும் நகரவில்லை. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

பின்னால் யாரோ என் பேரைச் சொல்லி உறுமினார்கள். பனி வந்து ஜீப்பை மூடியது, அவர் தோளை மூடியது. கடைசியாக முகத்தையும் மூடிய பிறகுதான் டைரக்டர் கட் சொன்னார்.

கம்பெனி அம்மாள் பனிக்குள் ஓடினாள். நானும் முட்டியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "மறந்துட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். குரலில் அழுகை.

துரைசாணியம்மா அந்த வரியை முழுசாக, ஓர் எழுத்து பிசகாமல், அவளிடம் சொல்லிக் காட்டினார். "இதுதானே? திரும்பிப் பார்த்துக்கிட்டேதான நிக்கிறேன். அதை வாயால வேற சொல்லணுமாக்கும்?"

அப்புறம் என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்தார்.

"நீ மட்டும் அப்போ வாயைத் திறந்திருந்தா, உன்னைக் கொன்னுருப்பேன்" என்றார்.